மாப்பிள்ளை பிடித்த விரால்

மச்சான்,

விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் நேற்றுப் பூட்டு வாங்கப் போயிருந்தேன். பூட்டுகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தூண்டில் செட் தொங்கியது. மடக்குக் கம்பு, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள் எல்லாவற்றையும் கோத்து முடித்தே விற்கிறார்கள். முதன்முதலாக மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கென்று உறையின் மேல் படம் படமாகப் போட்டிருந்தது. ஒரு படத்தில் தொப்பி வைத்த ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டே முடிச்சுப் போடுகிறான். பக்கத்தில் நின்று அவனைத் திட்ட யாருமில்லை. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. பூட்டை மறந்து வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் உள்ளதை உங்களிடம்தான் சொல்ல முடியும். உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மாதிரி என் ஆயுசில் வேறு யாரைப் பார்த்தும் நான் பொறாமைப்பட்டதில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு போனீர்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்பாவையும் எடுத்துக்கொண்டீர்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்கள் தலைதீபாவளியில் ஆரம்பித்தது அது. எழுபதுகளில் விளாங்குடி இன்னும் கிராமம்தான். எங்கள் வயலுக்கு ஒரு பக்கம் கண்மாய், இன்னொரு பக்கம் திண்டுக்கல் ரோடு. ஐப்பசி மழையில் கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. நீங்கள் திருநகர்க்காரர், மில் ஆபீஸில் வேலை, மடிப்புக் கலையாத பேண்ட். பண்டிகைக்கு மறுநாள் பொழுது போகாமல் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துவிட்டு அப்பாவிடம் வந்து நின்றீர்கள்.

"மாமா, தூண்டில் போடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. ஒண்ணுமே தெரியாது. சொல்லித் தர்றீங்களா?"

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். நெல் நன்றாக விளைந்த வருஷத்தில்கூட அது அப்படி மலர்ந்ததில்லை.

நான் தூண்டில் பழகிய கதை வேறு. கையில் கிடைத்த அகத்திக் குச்சியில் நரம்பைக் கட்டுவேன். முடிச்சு அவிழ்ந்தால் அதே குச்சி என் முதுகில் விழும். 'கூறுகெட்ட பயலே' என்பதுதான் அப்பா எனக்கு வைத்த பெயர். ரேஷன் கார்டில் இருந்த பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. உங்களுக்கோ, பரணில் புகை குடித்துக் கிடந்த மூங்கில் கம்பை இறக்கினார். அதை அனலில் வாட்டி, கோணலை நிமிர்த்தி, நல்லெண்ணெய் தடவித் துடைத்தார். அந்தக் கம்பு என்றைக்காவது எனக்கு வரும் என்று பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான்.

பிறகு உங்களை எதிரில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நரம்பு, கம்பு நீளத்துக்கு ஒரு முழம் கூட இருந்தாப் போதும் மாப்பிள்ளை. அதுக்கு மேல விட்டா நம்மளையே சுத்திக்கிரும். இந்தா, இது தக்கை, மயிலெறகுத் தண்டு. தண்ணியில நிமிந்து நிக்கணும். படுத்துக் கெடந்தா ஈயம் தரையில உக்காந்திருச்சுன்னு அர்த்தம், தக்கையைக் கொஞ்சம் முள்ளுப் பக்கமா எறக்கிக்கங்க. ஈயம் முள்ளுக்கு நாலு விரக்கட மேல இருக்கணும். முடிச்சை இறுக்குறதுக்கு முன்னாடி எச்சி தொட்டுக்கங்க. காஞ்ச நரம்பை இறுக்குனா அத்துப் போகும்."

எச்சில்! அந்தச் சங்கதியை எனக்கு அவர் சொன்னதே இல்லை மச்சான். எத்தனை நரம்பை அறுத்து, எத்தனை அடி வாங்கியிருப்பேன்! உங்கள் முதல் முடிச்சு நழுவி முள் மண்ணில் விழுந்தபோது அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "முள்ளு சரியில்ல மாப்பிள்ளை, கடைக்காரன் ஏமாத்திப்புட்டான்." மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை உடைத்தால் மண்குடம், மகன் உடைத்தால் பொன்குடம்.

பாடம் நடந்த மறுநாள் காலையில் நான் தனியாகக் கண்மாய்க்குப் போய்த் தவளையை இரையாகப் போட்டு ஒரு விரால் பிடித்திருந்தேன். என் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு பெரிய மீன் அதற்கு முன்னாலும் எனக்கு மாட்டியதில்லை, பின்னாலும் மாட்டவில்லை. பானையில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டு, அப்பா வரட்டும் என்று கரையிலேயே காத்திருந்தேன். உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "துணியைப் போட்டு மூடுடா, துள்ளிறப் போகுது" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு பார்வைக்காகத்தான் நான் விடியற்காலையிலிருந்து சேற்றில் நின்றிருந்தேன்.

நீங்கள் தூண்டில் வீசிய அழகை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முதல் வீச்சு கருவேல மரத்தில் சிக்கியது. "இந்தச் சனியன் பிடிச்ச மரம் குறுக்க வந்து நிக்குது" என்று மரத்தைத் திட்டினார் அப்பா. அடுத்த வீச்சில் முள் என் சட்டை முதுகில் மாட்டியது. "மாப்பிள்ளை வீசுற எடத்துல உனக்கு என்னடா வேல?" என்று என்னைத் திட்டினார். வெயில் இறங்கும்வரை உங்கள் தக்கை அசையவே இல்லை. புழுக்களைத்தான் கெண்டைக் குஞ்சுகள் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.

நேரம் ஆக ஆக அப்பா தவித்துப் போனார். புது மாப்பிள்ளை வெறுங்கையோடு எங்கள் தெருவில் நடந்து வந்தால் வாசலுக்கு வாசல் விசாரிப்பார்கள். அதை அவரால் தாங்க முடியாது. "தொண்டை வறண்டு போயிருக்கும். ரோட்டுக் கடையில ஒரு கலர் குடிச்சிட்டு வாங்க மாப்பிள்ளை" என்று உங்களை அனுப்பினார். நீங்கள் கரையைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"டேய், அந்த விராலை எடு."

"எதுக்கு?"

"மாப்பிள்ளை முள்ளுல மாட்டுடா."

"அது என் மீனுப்பா."

"என்னடா உன் மீனு, என் மீனு? உங்கக்கா புருசன்டா! வெறுங்கையோட போனா எனக்குல்ல அசிங்கம்? வெரசா மாட்டு."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எடுத்து அள்ளி ஊற்ற அவருக்கு என் விரால்தான் கிடைத்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, என் கையாலேயே அதன் உதட்டில் உங்கள் முள்ளைக் குத்தி, பாசிக்குள் விட்டேன். அழுகை வந்தது. அவர் பார்க்காமல் இருக்க முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நீங்கள் திரும்பி வந்ததும் அப்பா போட்ட கூத்து இருக்கிறதே! "மாப்பிள்ளை, தக்கையைப் பாருங்க! முங்கிருச்சு! சுண்டுங்க!" நீங்கள் சுண்டினீர்கள். விரால் கரையில் வந்து விழுந்து துள்ளியது. அவர் குழந்தை மாதிரி கைகொட்டினார். என்னை அதைத் தூக்க விடவில்லை. தானே தூக்கிக்கொண்டு, சுற்றுப்பாதையாக டீக்கடை வழியே நடந்தார்.

"மண்புழுவுக்கா இம்புட்டுப் பெரிய விரால் கடிச்சுச்சு?" என்று டீக்கடையில் யாரோ கேட்டார்கள்.

"மாப்பிள்ளை கைராசி அப்படி" என்றார் அப்பா.

குழம்பில் நடுத்துண்டுகள் எல்லாம் உங்கள் இலைக்குப் போயின. எனக்கு வால். "தம்பி, கொழம்பு நல்லாருக்குல்ல?" என்று கேட்டீர்கள். "முள்ளு ஜாஸ்தி" என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பா ரோட்டுப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிடுவார். டவுன் பஸ்ஸில் இருந்து நீங்கள் இறங்குவீர்கள். நீங்களும் அவரும் கண்மாய்க்கு, நான் வயலுக்கு. மடை திறந்துவிட்டு வரப்பில் நின்றால் உங்கள் இருவரின் தலையும் கரைமேல் தெரியும். உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்னோடு அவர் அப்படி உட்கார்ந்து சிரித்து நான் அறியேன். ஒப்புக்கொள்ள மனசில்லை, ஆனாலும் சொல்கிறேன், கெண்டை பிடிப்பதில் நீங்கள் என்னை மிஞ்சிவிட்டீர்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் என் தக்கை சரியில்லை, என் ஈயம் சரியில்லை, நான் மூச்சு விடும் சத்தத்தில் மீன் ஓடுகிறது. நீங்கள் கரையில் உட்கார்ந்து இருமினாலும் மீனுக்குப் பழக்கமாகிவிடும்.

எண்பதுகளில் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் மூவரும் கரையில் இருந்தோம். உங்கள் தூண்டிலில் பெரிதாக ஏதோ மாட்டி, கம்பு வளைந்தது. நீங்கள் பதறி நரம்பைத் தளர விட்டீர்கள்.

"டேய் கூறுகெட்ட பயலே! நரம்பை விடாதடா! தூக்கிப் பிடிடா மூதேவி!"

மீன் போய்விட்டது. அப்பாவுக்கு அப்போதுதான் யாரைத் திட்டினோம் என்று உறைத்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டாத குறைதான். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. இவன்னு நெனச்சுப்புட்டேன்" என்று தடுமாறினார். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் உங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தேன். அப்பா பேசியதற்காக நானும் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"எங்கப்பா மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. பெரியப்பா வீட்டுலதான் வளந்தேன். அப்பன் இல்லாத பிள்ளைன்னு அங்க ஒருத்தரும் என்னைய ஒரு வார்த்தை வஞ்சது இல்ல. இங்க வந்தா வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை. மாமா உன்னைய வையுறப்ப எல்லாம் எனக்கு எம்புட்டு எரியும் தெரியுமா? இன்னைக்குத்தான் எனக்கும் ஒண்ணு கெடச்சுச்சு."

"வசவுக்கு ஆசைப்பட்ட ஆளை இப்பத்தான் மச்சான் பாக்குறேன்" என்றேன்.

"அந்த விரால் உன்னுதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கடிச்ச மீனுக்கு முள்ளு வாய்க்குள்ள இருந்துல்ல ஏறியிருக்கும்? அதுக்கு வெளிய இருந்து குத்தியிருந்துச்சு. மாமா அம்புட்டு சந்தோசமா இருந்தாரு. எப்படிச் சொல்றது?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டீர்கள். பாரம் இறங்கியிருக்க வேண்டும் எனக்கு. இறங்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. கம்பு உங்களுக்கு, எச்சில் முடிச்சு உங்களுக்கு, விரால் உங்களுக்கு. எனக்கென்று தனியாக இருந்தது அந்த வசவு ஒன்றுதான். அதிலும் உங்களுக்குப் பங்கு விழுந்துவிட்டது.

அது பங்கோடு நிற்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கடைசிப் படுக்கையில் அப்பாவுக்கு ஆள் அடையாளம் குழம்பிப்போனது. நீங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து பிடித்துவிட்டுக்கொண்டிருந்தீர்கள். "ஒழுங்காப் பிடிடா கூறுகெட்ட பயலே" என்று உங்களை வைதுகொண்டிருந்தார். நான் கஞ்சியோடு உள்ளே வந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நழுவிக் கிடந்த துண்டை இழுத்து மேலே போட்டுக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ளை. எப்ப வந்தீங்க? யாரு அங்க, மாப்பிள்ளைக்கு நாற்காலி எடுத்துப் போடுங்க. சாப்பிட்டீங்களா?"

எத்தனை வருஷம் ஏங்கிய மரியாதை அது! நாற்காலியில் உட்கார்ந்தேன். "சாப்பிட்டேன்" என்றேன். அதற்கு மேல் அவரை அப்பா என்று கூப்பிடுவதா, மாமா என்று கூப்பிடுவதா என்று தெரியவில்லை. தூரத்து ஊரிலிருந்து விசாரிக்க வந்தவன் மாதிரி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கஞ்சியை அக்காவிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டேன்.

நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். அதுவரை என்னைத் தம்பி என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிடாதவர் நீங்கள்.

"டேய் கூறுகெட்ட பயலே! அங்க அப்பா கஞ்சி குடிக்காமக் கெடக்காரு, இங்க வந்து என்னடா நிக்கிற? உள்ள வாடா மூதேவி!"

அப்பாவின் குரல் அப்படியே இருந்தது. எனக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உள்ளே கூட்டிக்கொண்டு போனீர்கள்.

அதற்கப்புறம் அதை நீங்கள் விடவே இல்லை. சர்க்கரை மாத்திரையை மறந்தால் வசவு, மகள் கல்யாணத்தில் பந்தியைக் கவனிக்காமல் நின்றதற்கு வசவு, தலை நரைத்து நான் கண்ணாடி போட்ட பிறகும் வசவு. போனில் அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்கும். "அந்தக் கூறுகெட்ட பய சாப்பிட்டானா, கேளு."

இப்போது என்னிடம் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள் மச்சான். மகள் 'அப்பா சொன்னா சரிதான்' என்கிறாள். என் மாப்பிள்ளை எதிரில் உட்காரவே யோசிக்கிறார். முடிச்சுப் போடும்போது நான் எச்சில் தொடுகிறேனா என்று பார்ப்பதற்குக்கூட ஆளில்லை. எனக்கு முந்திக்கொண்டு அங்கே போய்விட்டீர்கள். அப்பா பக்கத்தில் தூண்டிலோடு உட்கார்ந்து, நாள் முழுக்க வசவு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். நினைத்தால் வயிறு எரிகிறது.