மூச்சுப் பெட்டி வாங்க ஆள் தேவை

பேசாலை
08.01.2024

அன்புள்ள தம்பி அலெக்ஸாண்டருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பலெர்மோவிலிருந்து வந்தவர்களிடம் நீ கொடுத்துவிட்ட சாமானை நான் பிரசர் பார்க்கிற மெசின் என்று நினைத்துவிட்டேன். கையில் கட்டினேன், விளக்கு மின்னியது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் கட்டிப் பார்த்து, உனக்கு ஒரு பிரசரும் இல்லை, உப்புப் போட்டுச் சாப்பிடு என்றும் சொல்லிவிட்டேன். உன் கடிதம் பொதியின் அடியில் கிடந்ததைப் பிறகுதான் கண்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வாசித்த பிறகு விளங்கியது. சுழியோடி வாயில் கடிக்கிற துண்டில் உன் பொத்தான். அதிலிருந்து கம்பி கயிற்றோடு மேலே வந்து மிதவையில் ஏறும். கீழே அவர் மூச்சு விட விட, மேலே விளக்கு மின்னும். கடல் குழம்பி, குமிழி தெரியாத நாளிலும் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும். நல்ல மூளையடா உனக்கு. அம்மாவின் வயிற்றில் நான் விட்டுவிட்டு வந்ததையும் நீ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. உன் அத்தானோடு சங்கு குளிக்கிறவர்களிடம் காட்டச் சிலாவத்துறைக்குப் போனேன். போட் வைத்திருக்கிற சம்மாட்டியின் மனைவி நசீறா என் கூட்டாளி. அவள் எல்லோரையும் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். தேத்தண்ணியைக் குடித்தார்கள், சாமானைத் திருப்பித் தந்தார்கள். ஒருவன் கேட்டான்: “அக்கா, சங்கு கிடக்கிற இடத்தைத் தேடி நான் கிழமைக்கணக்கில சுத்திறன். உங்கட தம்பி அதுக்கு மேல லைற் போட்டு ஊருக்கே காட்டப்போறாரோ?”

எல்லோரும் சிரித்தார்கள். உன் அத்தானும்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின வருசம் அவர் அவசரப்பட்டு மேலே வந்து, கால் மரத்துப்போய்க் கிடந்தது உனக்குத் தெரியும். இடது கால் இன்னும் இழுபடுகிறது. கேட்டால் செருப்புச் சரியில்லை என்கிறார். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அதுவும் சரியில்லையாம். இதைப் போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் இருந்து கேட்பார். அதுதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா எடித்


பலெர்மோ
30.01.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் மாதாவை மன்றாடுகிறேன்.

விளக்கைக் கழற்றிவிட்டேன். மிதவையும் இல்லை. இனிக் கம்பி நேரே போட்டில் இருக்கிறவரின் கையிலுள்ள பெட்டிக்கு வரும். கீழே ஒரு மூச்சு, மேலே பெட்டியில் ஒரு தட்டு. தூரத்தில் நிற்கிற யாருக்கும் தெரியாது. இந்தப் பார்சலில் ஒன்று வைத்திருக்கிறேன். பெட்டிக்கு மட்டும் தண்ணீர் ஆகாது, கவனம்.

அக்கா, உள்ளதைச் சொல்லவேண்டும். போட் திருத்துகிற இடத்தில் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறேன். விலைப்படாவிட்டால் எல்லாம் போச்சு. அத்தான் இதைப் போட்டுக்கொண்டு மற்றவர்கள் முன்னால் ஒருமுறை இறங்கிக் காட்டினால் நம்புவார்கள். போனில் கேட்டேன். ஓம் என்றுவிட்டார். கோபிக்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
அலெக்ஸ்


பேசாலை
12.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

கோபிக்கவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் அகப்பைக் காம்பால் இரண்டு போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

இந்த வருசத்தோடு இவரைக் கடலிலிருந்து கரைக்கு எடுத்துவிட வேண்டும் என்று நான் நேர்த்தி வைத்திருக்கிறேன். நீ அங்கிருந்து போன் எடுத்து இறங்கச் சொல்கிறாய். அந்த மனிதர் இப்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று உன் சாமானைக் கடித்துப் பார்க்கிறார். கலியாணத்தன்றுகூட இவ்வளவு நேரம் கண்ணாடி பார்க்கவில்லை.

பயமாக இருக்கிறதடா. உனக்குப் பகிடியாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன், இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் கடலுக்குள் இருக்கிற நேரத்தில் நான் வீட்டில் மீன் வெட்டுவேன், சட்டி கழுவுவேன். திடீரென்று பார்த்தால் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரமாக நின்றேன் என்றே தெரியாது.

பெட்டியை நான்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். சங்குப் போட்டில் பெண்கள் ஏறுகிற வழக்கம் இல்லையாம். அப்படியென்றால் பெட்டியும் ஏறாது என்றேன். யோசித்துப் பார்த்துச் சரி என்றார்.

அக்கா எடித்


பேசாலை
26.02.2024

தம்பிக்கு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காற்று இருந்தது, கடல் நுரைத்துக்கொண்டு கிடந்தது. குமிழி ஒன்றும் தெரியவில்லை. போட் ஓட்டினது இவரோடு சங்கு குளிக்கிற லோறன்ஸ். உன் சாமானைப் பார்க்க வந்தவர்கள் பக்கத்தில் வேறு போட்டில் நின்றார்கள். உன் அத்தான் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். பெட்டி என் மடியில் இருந்து தட்டத் தொடங்கியது. முதலில் ஆறுதலாக. பிறகு வேகமாக. சங்கைக் கண்டுவிட்டார் என்றான் லோறன்ஸ். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இவருடைய மூச்சு இப்படித் தட்டியதோ தெரியாது என்றேன். பக்கத்துப் போட்டுக்காரரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குள் பெட்டி நின்றுவிட்டது.

குலுக்கினேன். காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை. கயிற்றைப் பிடித்து இழுக்க எழும்பினேன். லோறன்ஸ் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“இழுக்காதேங்கோ அக்கா. டக்கெண்டு இழுத்தா இருக்கிற காலும் போயிடும்.”

“மூச்சு இல்லையடா.”

“தெரியாதே அக்கா. நான் இறங்கிறன். இழுக்காதேங்கோ.”

அவன் சிலிண்டரைக் கட்டத் தொடங்கினான். நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். இழுத்தால் கால் போகும். இழுக்காவிட்டால் ஆள் போகும். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன், அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்கு வரவில்லை. பிறந்த நாள் முதல் சொல்கிற செபம்.

லோறன்ஸ் ஒரு காலைத் தண்ணீருக்குள் வைக்க, அந்தப் பக்கத்தில் இவர் ஆறுதலாக மேலே வந்தார். கையில் இரண்டு சங்கு. வாயில் இருந்ததை எடுத்துவிட்டுக் கேட்டார்: “என்ன, வெளிறிப்போய் நிக்கிறாய்? குமட்டிச் சத்தி வருதோ?”

ஒரு சங்கை வாங்கி அவருக்கே எறிந்தேன். படவில்லை.

பற்றரி முடிந்திருந்ததாம். தம்பி, உன் பெட்டியில் பற்றரி செத்தாலும் மனுசன் செத்தாலும் ஒரே அமைதி. இதை நான் எந்தப் பெண்ணின் கையிலும் கொடுக்க மாட்டேன். இரண்டுக்கும் வேறு வேறு சத்தம் வை. இல்லையென்றால் இதைப்பற்றி எனக்கு இனி எழுதாதே.

எடித்


பலெர்மோ
14.03.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தில் ‘அக்கா’ என்று இல்லாமல் பெயர் மட்டும் இருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கீழே போகிறவரை மட்டும்தான் நான் யோசித்தேன். பெட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே இருக்கப்போகிறவரை யோசிக்கவே இல்லை. பற்றரி குறைந்தால் இனி இது சில்வண்டு மாதிரிக் கத்தும். அனுப்புகிறேன். விற்க வேண்டாம். நீங்கள் வேண்டாம் என்றால் இதை இத்தோடு விட்டுவிட்டுப் பழையபடி முழு நாளும் வேலைக்குப் போகிறேன். ஒரு வரி எழுதுங்கோ.

தம்பி அலெக்ஸ்


பேசாலை
09.04.2024

அன்புள்ள என் தம்பி அலெக்ஸாண்டருக்கு,

அக்கா உன்னை விட்டுவிட்டு எங்கே போவது? பாஸ்போட்டும் இல்லை.

சில்வண்டுப் பெட்டி வந்தது. இந்த முறை நான் போட்டில் ஏற மாட்டேன் என்றுவிட்டேன். அதனால் லோறன்ஸ் இறங்க, உன் அத்தான் மேலே இருந்து பெட்டியைப் பிடித்தார். பெட்டி நன்றாக வேலை செய்ததாம். ஆனால் வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. கதிரையில் இருந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “நீ இவ்வளவு காலமும் இதையோ கேட்டுக்கொண்டிருந்தனி?”

“இல்லை. அப்ப பெட்டி இல்லைத்தானே. சத்தமில்லாமக் கேட்டுக்கொண்டிருந்தனான்” என்றேன்.

மறுநாள் தன் சிலிண்டரை லோறன்ஸிடம் கொடுத்துவிட்டார். இனி போட்டில் இருந்து பெட்டி பிடிப்பாராம். ஏன் என்று கேட்டதற்குச் செருப்புச் சரியில்லை என்கிறார். நானும் ஓம் என்றேன்.

வாங்க ஆளும் கிடைத்துவிட்டது. நாம் பிழையான ஆட்களுக்குத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறோம். ஆண்களுக்கு இது தேவையே இல்லையாம். அவர்களுடைய பெண்சாதிமார்தான் கேட்கிறார்கள். பெட்டி இல்லாமல் இறங்கினால் வீட்டில் சோறு இல்லை என்று நசீறா எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அனுப்பக்கூடிய அளவு அனுப்பு.

நேற்றுச் சிலாவத்துறை இறங்குதுறையில் அந்தப் பெண்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். கையை நீட்டி விளக்கப்படுத்தினதில் பெட்டி நழுவி, ஆழமான பக்கமாகக் கடலுக்குள் விழுந்துவிட்டது. பெட்டிக்குத் தண்ணீர் ஆகாது என்று நீ எழுதியிருந்தது சரி. கொஞ்ச நேரம் கீழே இருந்து சில்வண்டு கத்தியது. பிறகு நின்றுவிட்டது. உன் அத்தான் வந்து எட்டிப் பார்த்தார், இறங்கவில்லை. பெட்டிக்கும் ஒரு கயிறு கட்டி அனுப்பட்டும் என்று நசீறா சொல்கிறாள்.

என்றும் அன்புள்ள,
அக்கா எடித்