பிஞ்சுக்கு நேரே நீண்ட விரல்

பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜனனிக்குச் சித்தப்பா சின்னச்சாமி ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி சோலையம்மாளும் போன வெள்ளிக்கிழமை முதல் சுகம், அதற்கு முந்தைய நாட்களில் சுகமில்லை, காய்ச்சல் தலைவலி என்று பயந்துவிடாதே, அது வேறு வகை, கீழே வருகிறது. அங்கே கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் பனிக்குள் புதைந்துபோகாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன், உன்னைப் பெற்றவர் என் அண்ணன் என்றாலும் சோறூட்டித் தலைபின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவன் நான் என்பதால் இதைக் கேட்கும் பாத்தியதை எனக்கு உண்டு. தலையைக் கோணலாகப் பின்னினேன் என்று நீ இன்னும் சொல்லித் திரிவதும் தெரியும். இப்போது நான் சொல்லப்போகும் கதையை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று நம் ஐயனார் சாட்சியாக உறுதி கூறுகிறேன், நீயும் நம்ப வேண்டாம், படித்தால் போதும். போனில் சொல்லாமல் கூரியரில் அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உன் வேல்பாண்டி மாமன் இருக்கிறான், அவன் இதைப் படித்தால் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். உனக்குத் தனியாக அனுப்பினாலும் எப்படியோ அவனுக்குப் போய்விடும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நீ போன தடவை வந்தபோது எனக்கு மூன்று, உன் சித்தியின் தம்பி வேல்பாண்டிக்கு மூன்று என்று ராட்சதத் தர்பூசணி விதை கொடுத்துவிட்டு, காரைக்குடியில் விவசாயிகள் சங்கம் நடத்தும் பெரிய காய்ப் போட்டியில் மச்சானும் மச்சினனும் மோதிப்பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே விமானம் ஏறினாயே, அந்தச் சிரிப்பின்மீதே எனக்கு முதல் சந்தேகம். மார்கழிப் பிறப்பில் குழியெடுத்து எருப்போட்டு ஊன்றினேன். மூன்றும் முளைத்தன. முதல் நாற்றை மயில் கொத்தியது. ஒரு மயிலா, இளையாத்தங்குடித் தேருக்கு வந்த கூட்டம் மாதிரி இந்த ஜில்லாவின் மயில் அத்தனையும் குடும்பத்தோடு வந்து பந்தி பந்தியாக உட்கார்ந்து அந்த ஒற்றை நாற்றைத் தின்றுவிட்டுப் போயின. பக்கத்து வயலில் வேல்பாண்டியின் நாற்று மூன்றும் அசையாமல் நிற்கின்றன, மயிலுக்கு வரப்பு தெரியுமா? யோசித்துப் பார். இரண்டாவது நாற்று ஒருநாள் காலையில் கழுத்தளவில் கத்தரித்தாற்போல் கிடந்தது. கத்தரிக்கோல் வேலை என்று நான் சொன்னேன், உன் சித்தி மண்ணைக் கிளறிச் சுருண்டு கிடந்த ஒரு கொழுத்த புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள், வெட்டுப்புழுவாம். இருக்கட்டும், அதைக் கூலிக்கு அமர்த்தியது யார் என்று கேட்டேன். அவள் புழுவைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மிச்சமிருந்த ஒற்றை நாற்றைக் காக்க, உங்கள் ஊரில் குளிருக்குக் கண்ணாடி கவிழ்ப்பார்கள் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்து, காரைக்குடிக்கு டவுன் பஸ் ஏறிப்போய்ப் பழம்பொருள் கடையில் ஏதோ பெரிய வீட்டுச் சரவிளக்கில் கழற்றிய கண்ணாடிக் கூண்டு ஒன்றை வாங்கிவந்து கவிழ்த்தேன். நம் நாற்று பெல்ஜியம் கண்ணாடிக்குள் மகாராணி மாதிரி நின்றது. வெயில் ஏறியதும் உள்ளே ஆவி கட்டி மகாராணி தலை தொங்கிவிட்டாள். உன் சித்தி ஓடிவந்து கண்ணாடியைத் தூக்கி எறிந்து, “பிள்ளையக் காக்குறீகளா, இட்லி அவிக்கிறீகளா?” என்றாள். பிறகு அவளே பழைய பெயின்ட் வாளியின் அடியை வெட்டிவிட்டு வளையமாக நாற்றைச் சுற்றி மண்ணில் அமுக்கி, வெளியே கருவேல முள் அடைத்து, மேலே கொசுவலைத் துணியைக் கட்டினாள். அதற்குமேல் மயிலும் வரவில்லை, புழுவும் வரவில்லை. யோசனை என்னுடையது என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன், நீ மாற்றிச் சொல்லிவிடாதே.

கொடி ஓடியது, ஜனனி. காலையில் குழிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்தால் மாலையில் செருப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும், கட்டியிருந்த ஆட்டைக் கொடி பிடித்து வைத்துக்கொண்டதால் இரண்டு நாள் ஆடு வீட்டுக்கு வரவில்லை. கொடிக்கு ஒரே பிஞ்சை விட்டு மற்றதைக் கிள்ளிவிடச் சொன்னாய், எனக்கு மனசு வரவில்லை, இரண்டை விட்டேன். மூத்த பிஞ்சு தேங்காய் அளவு, பானை அளவு என்று மளமளவென்று ஏறியது. கானாடுகாத்தான் பெரிய வீட்டு ஹோட்டலில் தங்குகிற வெள்ளைக்காரர்கள்கூட அரண்மனை பார்ப்பதை விட்டுவிட்டு வந்து இதைப் பார்த்தார்கள். சரி, எல்லோரும் இல்லை, ஒரு ஜோடி வந்தது. இந்தக் கூட்டத்தில் எவன் விரல் நீட்டுகிறான் என்பதே எனக்குக் கவலை. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும் என்பது உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாவிட்டால் சொல்லிவை, காட்டியே தீரவேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால்தான் காட்ட வேண்டும். அதனால் செல்போன் கடை முத்தப்பனைக் கூப்பிட்டு வேப்பமரத்தில் ஒரு கேமராவைப் பொருத்தினேன். நாட்டின் எல்லையில்கூட இப்படி ஒரு காவல் கிடையாது.

அப்படிக் காத்தும் மாசி நடுவில் மூத்த பிஞ்சின் நுனி கறுத்தது, அமுக்கினால் விரல் உள்ளே போனது, அழுகல். அன்று காலைதான் வேல்பாண்டி மோட்டார் போட வந்து குழியருகே வெகுநேரம் நின்றுவிட்டுப் போயிருந்தான். எனக்கு வேறு சாட்சி எதற்கு? நேரே அவன் வயலுக்குப் போய், நாலுபேர் களையெடுத்துக்கொண்டிருக்கும்போது, மாப்ளே, என் பிஞ்சுக்கு விரலை நீட்டினவன் நீதான், தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் செய்துவிட்டாய் என்று சொல்லிவிட்டேன். அவன் கோபப்படவில்லை, அது இன்னும் சந்தேகமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி மச்சான், இனிமே நான் ஒங்க வீட்டுப் படி மிதிக்கலை” என்று மட்டும் சொன்னான்.

உன் சித்திக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்த ஒருத்தன்தான், உனக்குத் தெரியாததா. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சோறு வரும், குழம்பு வரும், பேச்சு வராது. ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்து அவன் வழக்கமாகச் சாப்பிடுகிற தட்டைக் கழுவி அவன் இடத்தில் வைத்தாள், கொஞ்சநேரம் வாசலைப் பார்த்தாள், எடுத்து உள்ளே வைத்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கு அடுத்த ஞாயிறு கோழியே அடிக்கவில்லை. நம் குழிக்குத் தண்ணீர் அவன் போர்வெல்லிலிருந்து வருவது, இனி நிறுத்திவிடுவான் என்று காத்திருந்தேன், அவன் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை? திட்டமில்லாமல் ஒரு மனுஷன் இப்படி நடப்பானா? தண்ணீரில் ஏதாவது கலந்திருப்பானோ என்று முதலில் நாய்க்கு ஊற்றிப்பார்த்தேன். அது குடித்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு அவன் வீட்டுப் பக்கம் போய்விட்டது, நாயையும் மயக்கிவிட்டான் என்று முடிவுக்கு வந்தேன்.

உன் சித்தியிடம் நியாயத்தை நிரூபித்துவிட வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை முத்தப்பனை வரவழைத்து, கேமராவில் பதிவானது எல்லாவற்றையும் நம் வீட்டு டிவியில் ஓடவிடச் சொன்னேன். அவளை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இப்போது பார் உன் தம்பியின் யோக்கியதையை என்று நான் சொல்லி முடிக்கவும் வேல்பாண்டி திரையில் வந்தான். குழியருகே நிற்கிறான், இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். அடுத்த நாள் வருகிறான், கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு. கூட வந்த ஆளுக்குக் கொடியில் எதையோ காட்டவேண்டியிருக்கிறது, முட்டியை மடக்கி, அதுவும் போதாதென்று மோவாயால் காட்டுகிறான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, அத்தனை நாளும். அப்புறம் வேறொரு ஆள் வருகிறான், ஜனனி. பால்காரரைக் கூட்டிவந்து விரலை நீட்டுகிறான். வெள்ளைக்கார ஜோடியை மறுபடியும் கூட்டிவந்து நீட்டுகிறான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனை வழிமறித்துக் கூட்டிவந்து நீட்டுகிறான். ஒருநாள் போனைப் பிடித்துக்கொண்டு, உனக்குத்தான், வீடியோ காலில், பிஞ்சைத் தொடாத குறையாக நீட்டி நீட்டிக் காட்டுகிறான். முத்தப்பன் வேகமாக ஓட்டியதில் அந்த விரல் மரங்கொத்தி மாதிரி பிஞ்சைக் கொத்திக்கொண்டே இருந்தது. வாரக்கணக்கில் பேசாத உன் சித்தி வாயைத் திறந்தாள். “முத்தப்பா, கொஞ்சம் நிறுத்து. மோதிரத்தப் பாத்தா நம்ம வீட்டு விரல் மாதிரித்தான் இருக்கு” என்றாள். முத்தப்பன் சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்து தண்ணீர் கேட்டான்.

அன்று சாயங்காலமே வேல்பாண்டி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரு மகத்தான உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். வாசலில் நின்ற என்னைப் பார்த்து அவன், “விரல மடக்கிக்கிட்டு உள்ள வாங்க மச்சான்” என்றான், முத்தப்பன் அதற்குள் போன் போட்டுவிட்டான் போலிருக்கிறது. நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அவனே சொன்னான். அவனுடைய மூன்று கொடியிலும் இருந்த காய்கள் அதே வாரத்தில் அழுகிப்போயிருக்கின்றன. “ஒங்க விரல் எங் காய்க்கும் நீண்டுச்சு, கண்ணால பாத்தேன். எனக்கும் ஒங்க மேல சந்தேகந்தான். அக்கா மொகத்துக்காகத்தான் வாயத் தெறக்கலை” என்றான். அதைக் கேட்டு நான் ஆற்றிய உரையில் அவன் வீட்டுக் கோழிகள் அடைகாப்பதை விட்டு எழுந்துவந்து நின்று கேட்டன, அவன் பெண்டாட்டி காப்பித் தம்ளரோடு அப்படியே சிலையாகிவிட்டாள், தெருவே கண்ணைத் துடைத்தது. காப்பியை நாய்க்கு ஊற்றிப்பார்க்காமலே குடித்தேன்.

இப்போது என் கொடியில் இளைய காய் ஒன்று நிற்கிறது. அதன் நிழலில் டவுன் பஸ் நின்று ஆளேற்றிப் போகிறது, எடைபோட லாரி நிறுத்துகிற தராசு கேட்டிருக்கிறோம். விதை ஜனனியுடையது, மண் என்னுடையது, தண்ணீர் அவனுடையது என்று யார் பேரில் பதிவதென்று ஒரு வழக்கு கிளம்பியது. கடைசியில் நானும் அவனும் சேர்ந்து போய்ச் சங்கத்தில் சோலையம்மாள் பேரைக் கொடுத்துவிட்டு வந்தோம். இன்றைக்கு ஞாயிறு, கோழி வெந்துகொண்டிருக்கிறது, அவன் உள்ளே தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு உப்பு குறைகிறது என்று அக்காளை வம்புக்கு இழுக்கிறான். எனக்குள்ள ஒரே சந்தேகம், உன் சித்தி அடிக்கடி காயைத் தட்டிப்பார்த்துவிட்டு அரிவாள்மனைப் பக்கம் பார்க்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் சகல சம்பத்தும் பெற்று நூறாண்டு வாழ வேண்டும், ஐயனார் துணை. காதில் குல்லாயைப் போட்டுக்கொண்டு வெளியே போ. காயின் படத்தை உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பெரிதாக்கிப் பார்க்கிறேன் என்று திரையில் விரலை வைத்துவிடாதே, இங்கே அழுகினால் உன்மேல்தான் வழக்கு.

இப்படிக்கு,
உன்னை வளர்த்தவன், மோதிரத்துக்கு உரியவன்,
சி. சின்னச்சாமி

மறந்துவிட்டேன். டவுன் பஸ் நிழல் பொய், மயில் பந்தி பொய், ஆட்டை அவிழ்த்து வீட்டுக்குக் கூட்டிவரத்தான் நான் மறந்திருந்தேன். உரையும் பொய், ஜனனி, ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. அக்கா முகத்துக்காக என்று அவன் சொன்னானே, அது மட்டும் நிஜம். அதற்கப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை. என்னைத் தெரிந்த எவனும் நம்பமாட்டான்.