அதிகாரியிடம் பெருமை பேசாதிருக்க

சின்னவளின் அப்பாவுக்கு,

நம் உணவு உதவி மனுவை மறுபடி விசாரிக்க அதிகாரி இன்று பதினொரு மணிக்கு வருகிறார். தையல் கூடத்தில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. போன தடவை அவரிடம், "நமக்கென்ன சார் குறைச்சல்? சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று நம் மதியச் சோற்றையும் போட்டு அனுப்பினீர்கள். அவர் "வசதியான குடும்பம்" என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து நான் உங்களோடு பேசவில்லை. அதனால்தான் இந்தச் சீட்டு.

வேலை போய் நாலு மாதம் ஆயிற்று என்பதை மட்டும் சொல்லுங்கள். மேல்வீட்டு நாற்காலிகளை இரவல் வாங்கிப் போடாதீர்கள். அரிசி டப்பாவின் மூடி திறந்தே இருக்கட்டும்.

பி.கு.: தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

இன்னொன்று: பெருமை தொண்டை வரைக்கும் வந்தால் சாயங்காலம் வரை அடக்கி வையுங்கள். நான் வந்ததும் உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறேன்.