துறைத்தலைவர் கட்டுரையில் குறை சொன்னேன்

14.7.2009, திருப்பாதிரிப்புலியூர்

இன்று சிதம்பரத்தில் என்னை வகுப்பைவிட்டு வெளியேற்றியது அநியாயம். பேராசிரியர்களுக்கு ஆய்வுக்கட்டுரை எழுதும் ஆங்கிலம் சொல்லித்தர ஸ்காட்லாந்திலிருந்து சம்பளமில்லாமல் வந்திருக்கும் ஹெலன் அம்மாதான், ஆய்வேடு தட்டச்சு செய்யும் என்னையும் உட்காரச் சொன்னார். துறைத்தலைவர் எழுதிய கட்டுரையை எல்லோருக்கும் கொடுத்து, அதில் என்ன குறை என்று அம்மா கேட்டார். எல்லோரும் "வெரி குட் சார்" என்றார்கள். முதல் பக்கத்தில் விஷயமே இல்லை என்றேன் நான்.

"பெரியவரே, நீங்க எந்தக் காலேஜுல படிச்சீங்க? எழுந்து போங்க" என்றார் தலைவர்.

"உங்களுதெல்லாம் டைப் அடிச்சேதான் சார் படிச்சேன்."

மற்றவர்களுக்கு ஏன் அந்தக் குறை தெரியவில்லை என்று ஹெலன் அம்மா வாசலில் கேட்டார். அவர்களுக்கும் தெரியும், ஆனால் அவர்கள் பதவி உயர்வுக்குக் கையெழுத்துப் போடுபவர் தலைவர் என்றேன். குறித்துக்கொண்டார். என்ன செய்வாரோ, பார்க்க ஆசையாக இருக்கிறது.

நாளை முதல் பஸ்ஸில் போய் நான் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். தலைவர் அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்து ஹெலன் அம்மா கட்டுரைகளைத் தர வேண்டும். மற்றவர்கள் அப்போதாவது வாயைத் திறக்க வேண்டும்.