தண்ணீர் தெளிக்காமல் கிளறிய தொட்டி

“கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.” அக்கா, அன்று நான் உங்களிடம் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

இன்று காலை உரத் தொட்டியின் வாசனை மறுபடி என் மூக்கில் ஏறியது. எங்கிருந்து என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நம் இரண்டு குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் உள்ள வேலியோரம் உட்கார்ந்து மூடியைத் திறந்தீர்கள். காய்கறித் தோலில் ஈரம் மிஞ்சினால் புழு வைக்கும் என்று பயந்து, தெருவில் உதிர்ந்த சருகையெல்லாம் அள்ளிப் போட்டிருந்தீர்கள். உள்ளே எல்லாம் காய்ந்து, வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. பழைய தோசைக் கரண்டியால் கிளறியதும் தூள் புகைபோலக் கிளம்பியது.

“என்னட்டி அப்படிப் பாக்க? நாறவா செய்யுது?” என்றீர்கள். உடனே இருமல். இழுப்புக்காரர் நீங்கள்.

உள்ளேயிருந்து உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், குரல் கொடுத்தார்: “மைன்ஸ் பக்கத்துல குடியிருந்தா இருமாம என்ன செய்யும்?”

“கேட்டியாட்டி, பழி பூரா மைன்ஸுக்கு. என் குப்பை உத்தமி!”

நானும் சிரித்தேன். அந்தப் பூஞ்சைத் தூள் இழுப்புக்காரர்களுக்கு ஆகாது என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். ஆனால் முந்தின நாள் “தொட்டியில குழம்ப ஊத்தாதீங்கக்கா” என்று திருத்தியதற்கே உங்கள் முகம் வாடிப்போனது. சாயங்காலம் ப்ளாக் பெண்களைக் கூப்பிட்டு உரத்தைக் காட்டப்போவதாக வேறு சொல்லியிருந்தீர்கள். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெய்வேலியில் யார் இருமினாலும் காரணத்தை யாரும் தேடுவதில்லை. டாக்டர் கேட்டதும் அண்ணன், “மைன்ஸ் தூசிங்க” என்றார். கதவோரம் நின்ற நான் அப்போதும் பேசவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. அந்தத் தூள்தான் காரணமா, எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் என்னை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை.

தூசிக்குப் பயந்து அண்ணன் சுரங்கத்திலிருந்து தள்ளியிருக்கும் ப்ளாக்குக்கு வீடு மாறினார். உங்கள் நினைவாகத் தொட்டியையும் எடுத்துப்போனார். இன்று காலை அந்த வழியாகப் போனேன். உங்கள் மகள், உங்களைப் போலவே இழுப்புள்ளவள், தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் அவளை விலக்கினேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உனக்கு அன்னைக்கே தெரியுமாம்மா?” என்று கேட்டார்.

“தெரியும்ணா.”

மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.