குறட்டைக்கு நஷ்டஈடு

மார்ச் 3, செவ்வாய்

குறட்டையைப் பதிவு செய்யும் ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது. அந்தக் கம்பெனியிலிருந்து இன்று மின்னஞ்சல். வாடிக்கையாளர்களின் ஒலிப்பதிவுகளை யாரோ திருடி இணையத்தில் கொட்டிவிட்டார்களாம். வருந்துகிறார்களாம். வருந்தி என்ன? என் வீட்டுக்காரரின் குறட்டையை இனி உலகமே கேட்கும்!

அவர் குறட்டை விடுகிறார் என்று நிரூபிக்கத்தான் போனை என் தலையணைக்கு அடியில் வைத்துப் பதிவு செய்தேன். முதல் பத்து விநாடியை மாமியார், நாத்தனார், எதிர்வீட்டுக்காரி எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அதற்கு மேல் மனுஷர் கேட்க முடியாது. அன்றிலிருந்து அவருக்கு ஹால் சோபாதான்.

நான் போட்டுக் காட்டியது குடும்பத்துக்குள். திருடன் காட்டுவது அநியாயம் இல்லையா? நஷ்டஈடு வாங்காமல் விடப்போவதில்லை.

மார்ச் 5, வியாழன்

குறட்டைக்குச் சொந்தக்காரரே "இது என்னுடையது" என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். அவரிடம் சொன்னேன்.

"சோபால படுன்னு சொன்ன, படுத்தேன். பொய்க் கையெழுத்து மட்டும் கேக்காத."

"ஊரே கேட்டாச்சு. இன்னும் என்னங்க வெட்கம்?"

"நான் குறட்டையே விடுறதில்லடி!"

என்ன வீம்பு பார்!

மார்ச் 8, ஞாயிறு

நாத்தனார் வந்து, "அண்ணி பாவம்ணா, போட்டுத் தொலையேன்" என்றாள். போட்டுவிட்டார். வெற்றி, வெற்றி!

மார்ச் 10, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர் போன் செய்தார்.

"மேடம், பதிவை முழுசா கேட்டீங்களா?"

"பத்து செகண்ட் கேட்டேன். ஏன்?"

"நடுவுல ஒரு லேடி பேசுறாங்க. இருங்க, போடுறேன்."

ஸ்பீக்கரில் வைத்துத் தொலைத்தேன். கர்ர்ர்... கர்ர்ர்... அப்புறம், மூச்சுகூட மாறாமல், "பதினேழு, உள்ள போங்க. பதினெட்டு, வாயை மூடிட்டு உக்காருங்க." மறுபடி கர்ர்ர்.

கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். "அட, இது நீங்கதானேம்மா!" என்றார். வலியோடு வலியாகச் சிரிக்கிறார். மொத்த வரிசையும் சிரிக்கிறது. பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா?

மார்ச் 11, புதன்

வேறு யாராவது — யார்? எங்கள் படுக்கையறையில் டோக்கன் கூப்பிட வேறு எவள் வருவாள்?

பேசாமல் நஷ்டஈடே வேண்டாம் என்று விட்டுவிட்டால்? அவருக்குத் தெரியவே தெரியாது. மானமாவது மிஞ்சும்.

காலையில் சோபாவிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்றார். எனக்காகப் பொய்க் கையெழுத்து வேறு போட்டிருக்கிறார். ச்சே. நான் என்ன பொம்பள!

மார்ச் 14, சனி

சொல்லிவிட்டேன். போட்டுக் காட்டு என்றார். காட்டினேன். மறுபடி என்றார். மறுபடி. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தங்கைக்குப் போன் போட்டு அவளுக்கும் கேட்கவைத்தார். இனி எனக்கு வீட்டில் பெயர் "பதினெட்டு"தானாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் கையெழுத்துக்குப் பதில் நான் போட்ட கையெழுத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஒரே நிபந்தனை: ஆப்பை அழித்துவிட வேண்டும், மறுபடி சேர முடியாது. சனியன் தொலையட்டும் என்று உடனே அழித்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நஷ்டஈடு வந்துவிட்டது. எதற்கு என்று கேட்கும் உறவினர்களிடம் பதில் சொல்லத்தான் முடியவில்லை.

இத்தனை நாளும் சோபாவே போதும் என்று வீம்பு பிடித்தவர், இன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் கட்டிலுக்குப் போனார். நான் தலையணையோடு சோபாவுக்கு வந்தேன். நியாயம் நியாயம்தானே. இதில் எப்படித்தான் இத்தனை நாள் படுத்தாரோ, இடுப்பு இப்போதே விட்டுப்போகிறது.

"ஏய் பதினெட்டு, உள்ள வந்து படு. உன் குறட்டை எனக்குப் பழகிடுச்சு" என்று குரல் கொடுத்தார். இந்த நல்ல மனுஷனை என்ன பாடு படுத்திவிட்டேன்! முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

மல்லாக்கப் படுத்து, வாயைப் பிளந்துகொண்டு, ஜன்னல் கண்ணாடி அதிர அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

போனை எடுத்தேன். ஆப் இல்லை.