அண்ணன் மறுபடி பறந்தான்

ஆகஸ்ட் 9, சனி
புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு ஓடிப்போனது. எங்கள் ஊர் வரதய்யபாளையத்தில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. வேலைக்குப் போடும் என் யூனிஃபார்ம் துவைத்தாயிற்று.

அண்ணன் தானாகவே கேட்டான்: "திருப்பதில சண்டைப் படம் ஓடிக்கினு கீதாமே. போலாமா?"

நம்பமுடியவில்லை. விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவன். வேலையை விட்டு வந்ததிலிருந்து டிவியில் குண்டுச் சத்தம் கேட்டாலே வெளியே போய்விடுவான். போன தீபாவளி முழுக்க பாத்ரூமில். ஒரு ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. பதிலே போடவில்லை.

அம்மா: "வோணாண்டா கண்ணு. காமெடி படம் பாரு."

ஆகஸ்ட் 10, ஞாயிறு
தியேட்டரில் ஒரே விசில். ஹீரோ ஹெலிகாப்டரில் பக்கம் பக்கமாக வசனம். அண்ணன் என் காதில், "இவன் பேசி முடிக்கறதுக்குள்ள மூணு தடவ செத்திருப்பான்." சிரித்தேன்.

பிறகு பக்கத்து சீட் பைலட் சாகிற காட்சி. அண்ணன் எழுந்து ஓடினான்.

வெளியே பைக்குகளுக்கு நடுவில் வாந்தி. வாட்ச்மேன் "ஏமைந்தி சார்?" என்று தெலுங்கில் விசாரித்துத் தண்ணீர் கொடுத்தார்.

"வூட்டுக்குப் போலாம்ணா."

"இரு." வாயைத் துடைத்தான். "ராகேஷ்னு ஒருத்தன். என் பக்கத்து சீட்டு. குண்டு பட்டு அங்கயே போய்ட்டான். நான் அவன்கிட்ட பேசிக்கினே ஓட்டிக்கினு வந்தேன். பதில் வராதுன்னு தெரியும். பேச்ச நிறுத்தினா கை நின்னுடும்னு பயம். பின்னால ஆறு பேரு, அடிபட்டவங்க."

"அவங்க?"

"எல்லாரும் பொழச்சிட்டாங்க."

"யார்கிட்டயாவது சொன்னியாண்ணா?"

"இப்ப. உன்கிட்ட."

ரொம்ப நேரம் அழுதான். நானும். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு, "வா, படம் முடியல" என்றான். கடைசி வரை உட்கார்ந்தான். ஹீரோ தரையிறங்கினபோது விசிலே அடித்தான்!

பஸ் ஸ்டாண்டில் பூரி இரண்டு பிளேட் தின்றான். என் பிளேட்டிலிருந்தும்.

ஆகஸ்ட் 18, திங்கள்
லீவு போட்டு அவனோடு மனநல டாக்டரிடம். உள்ளே தனியாகப் போனான். வரும்போது கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் இன்னும் கத்துகிறான். கம்பெனிக்கு இன்று பதில் போட்டான். ஒன்றையும் மறைக்கவில்லையாம்.

அக்டோபர் 4, சனி
மனநல டாக்டரும் சரி என்று எழுதிக்கொடுத்து, மெடிக்கலிலும் பாஸ் ஆன பிறகு இன்று கம்பெனியின் பறக்கும் சோதனை. வெயில் சுளீர். நானும் அம்மாவும் வேலிக்கு இந்தப் பக்கம். ஹெலிகாப்டர் எழுந்தது, சாய்ந்து திரும்பியது, மலைப் பக்கம் சின்னப் புள்ளியாகிப்போனது.

"மேல போறது நம்ம புள்ளதானே?" அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பூ வைத்தாற்போல் இறங்கினான். சோதித்த அதிகாரி கை குலுக்கினார். பாஸ்! அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அம்மாவைத் தூக்கிச் சுற்றினான்.

"வுடுடா, எல்லாரும் பாக்கறாங்க!"

விடவில்லை.